இரண்டு பேரும் சேர்ந்தே வாங்க

சேர்வராயன் மலை மக்களே, எஸ்டேட் தோழர்களே!

ஆணும் ஆணும் இணைந்து வாழும் வாழ்வு குற்றமல்ல என்று 2018 செப்டம்பர் 6-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டத்தின் பயம் போயிற்று. படுக்கையறைக்குள் இருக்கும் பயம்?

புதிதாய்ப் பழகுபவரிடம் ஆணுறை கேட்கிறவர், கூட வாழ்கிறவரிடம் வாயே திறப்பதில்லை. திறந்தால், 'என் மேலேயே சந்தேகமா?' என்று வரும். இல்லையென்றால், 'நீ எங்கேயாவது போய்ட்டு வந்தியா?' இந்தக் கேள்விகளுக்கு அஞ்சியே உறையைத் தூக்கிப் போடுகிறார்கள். தாலி இல்லை, பத்திரிகை இல்லை, ஊரறியச் சேர்ந்து நிற்க ஒரு மேடை இல்லை. உறையில்லாத நெருக்கம்தான் 'நீ என்னவன்' என்பதற்கு அவர்களிடம் மிஞ்சிய ஒரே அத்தாட்சி. அதை நான் குறை சொல்லமாட்டேன். அந்த நிலையில் அவர்களை நிறுத்தியவர்கள் நாம்தான்!

ஆனால், அமெரிக்காவின் ஐந்து நகரங்களைப் பற்றி 2009-ல் வந்த ஆய்வைக் கேளுங்கள். ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களுக்கு வந்த எச்.ஐ.வி. தொற்றில் சுமார் 68 விழுக்காடு நிலையான துணையிடமிருந்தே வந்தது என்று அது மதிப்பிட்டது. துரோகம் ஒன்றுதான் காரணமென்று நினைக்காதீர்கள். பரிசோதிக்காமலே நம்பிவிடுவதும் காரணம். தொற்று வந்து மூன்று மாதம் வரைகூட ரத்தப் பரிசோதனையில் தெரியாமல் போகலாம். ஆகவே இருவரும் சேர்ந்து பரிசோதியுங்கள்; மூன்று மாதம் உறையோடு இருங்கள்; மறுபடி பரிசோதியுங்கள். அதன்பின் உறை வேண்டுமா என்று பேசி முடிவெடுங்கள். இன்னொன்று: தேங்காய் எண்ணெய் பட்டால் ரப்பர் உறை கிழியும். தண்ணீரில் கரையும் ஜெல்லையே பயன்படுத்துங்கள்.

'எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்துக்குப் போனால் மலை முழுக்கத் தெரிந்துவிடும்' என்கிறீர்கள். நியாயமான பயம். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்குப் போங்கள். பரிசோதனை இலவசம். உங்கள் முடிவை வெளியே சொல்வதை 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் தடுக்கிறது.

ஒருவருக்குத் தொற்று இருந்தாலும் உறவு முறியவேண்டியதில்லை. மாத்திரையால் வைரஸ் கட்டுக்குள் இருந்த 782 ஆண் இணைகளை ஐரோப்பாவில் கவனித்தார்கள். உறையில்லாமல் இருந்தும் துணையிடமிருந்து ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை என்று 2019-ல் அறிவித்தார்கள்.

மருத்துவமனை ஊழியர்களே, உங்களுக்கு ஒரு விண்ணப்பம். இரண்டு ஆண்கள் சேர்ந்து வந்து நின்றால், 'இவர் யாரு, உங்க தம்பியா?' என்று கேட்காதீர்கள். இருவரையும் சேர்த்தே உட்காரவைத்துப் பேசுங்கள். நேரில் வரத் தயங்குகிறவர்களுக்கு 1097 என்ற இலவச உதவி எண் இருக்கிறது, இன்றிரவே கூப்பிடலாம்.