கிளினிக் நாளும் தைரொயிட் குளிசையும்

(எங்கள் டிவிசன் மாதர் கிளைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சங்கக் கூட்டம் என்றால் பேரும் சம்பளமும் கொழுந்து நிறையும் பற்றித்தான் கதைப்போம். இன்று ஒரு சின்னக் குளிசையைப் பற்றிக் கதைக்கக் கூப்பிட்டிருக்கிறோம். அதற்கும் பேருக்கும் தொடர்பு உண்டு. கிளினிக்குப் போனால் அன்றைய பேர் இல்லை. போய்க் கொடுத்த இரத்தம் பிழையான கதை சொன்னால் இன்னொரு நாள் போக வேண்டும். இன்னொரு பேரும் பஸ் காசும் போகும். அதைவிடப் பெரிய நட்டம், அந்தப் பிழையான முடிவைப் பார்த்து மருந்தைக் கூட்டிவிடுவது. அது எங்கள் வீட்டிலேயே நடந்தது.

எங்கள் அம்மா முப்பது வருசம் மலையில் கொழுந்து எடுத்தவர். தைரொயிட் குறைவுக்காக 50 மைக்ரோகிராம் தைரொக்சின் குளிசை, நாளுக்கு ஒன்றரை, ஒழுங்காகக் குடித்து வந்தார். ஒருமுறை இரத்தம் பார்க்கத் திகதி கொடுத்தார்கள். லயத்தில் யாரோ சொன்னார்களாம், "மருந்து உடம்பில் இருந்தால் நோய் தெரியாது, நிப்பாட்டிவிட்டுப் போ" என்று. அம்மாவும் இரண்டு கிழமைக்கு மேல் குளிசையைத் தொடவில்லை. எங்களிடம் சொல்லவுமில்லை, டாக்டரிடம் சொல்லவுமில்லை. முடிவு மோசமாக வந்தது. டாக்டர் ஒன்றரையை இரண்டரை ஆக்கினார். அம்மா இப்போது பயந்துபோய் ஒரு நாளும் தவறாமல் குடித்தார். ஒரு மாதம் போவதற்குள் நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், இரவில் தூக்கமில்லை, குளிரிலும் வியர்வை. பீலிக்கரைப் படியில் தலைசுற்றி விழுந்தார்.

டாக்டர் மேல் பிழை சொல்ல மாட்டோம். அவர் கையில் இருந்தது ஒரு இலக்கம் மட்டும். பிழை எங்கள் மேல்தான். ஊர்ப் பிள்ளைகளின் கொப்பியெல்லாம் திருத்துகிற நாங்கள் அம்மாவின் கிளினிக் கொப்பியை ஒருநாளும் புரட்டிப் பார்க்கவில்லை. அடுத்த பரிசோதனைக்கு நாங்களும் கூடப் போனோம். நடந்ததைச் சொன்னதும் அவர் கொப்பியைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பழையபடி ஒன்றரையே போதும் என்று எழுதினார்.

இரத்தத்தில் என்னதான் பார்க்கிறார்கள்? தொண்டையின் முன்பக்கம் வண்ணாத்திப்பூச்சி மாதிரி இருக்கிறது தைரொயிட் சுரப்பி. அதை வேலை வாங்குவது மூளைக்கு அடியில் உள்ள இன்னொரு சுரப்பி. அதைக் கங்காணி என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலை குறைந்தால் கங்காணியின் சத்தம் கூடும். வேலை கூடினால் சத்தம் குறையும். அந்தச் சத்தத்தின் அளவுதான் சீட்டில் டி.எஸ்.எச். என்று வருவது. பெரியவர்களுக்கு சுமார் 0.4 முதல் 4 வரை சரி என்பார்கள். ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் கொஞ்சம் மாறும். இன்னொன்று ப்ரீ டி-4. அது தராசில் விழுகிற கொழுந்து, அந்த நேரத்தில் இரத்தத்தில் இருக்கிற சுரப்பு நீர்.

தராசு அப்போதைய நிறையைக் காட்டும். காலையில் குளிசையைக் குடித்துவிட்டுப் போய் இரத்தம் கொடுத்தால், அடுத்த சில மணித்தியாலங்களுக்கு டி-4 கூடித்தான் தெரியும். கங்காணியின் சத்தமோ ஒரு நாளில் மாறாது. குளிசையின் அளவை மாற்றினால் டி.எஸ்.எச். ஒரு நிலைக்கு வர 6 முதல் 8 கிழமை பிடிக்கும். அதனால்தான் கிளினிக்கில் அவ்வளவு தள்ளித் திகதி கொடுக்கிறார்கள். மாதக்கணக்கில் குடிக்காமல் இருந்து, திகதி வருகிறதே என்று கடைசி நாலைந்து நாள் மட்டும் குடித்துவிட்டுப் போகிறவர்களும் நம்மில் உண்டு. சிரிக்காதீர்கள், இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். அப்போது தராசு நிறையக் காட்டும், கங்காணி இன்னும் கத்திக்கொண்டிருப்பார். இரண்டும் ஒத்துவராது, டாக்டர் குழம்புவார்.

ஆகவே திகதிக்கு முந்தின நாள் வரை வழமைபோல் குடியுங்கள். அன்று காலை மட்டும் குளிசையை மடித்துக் கையில் கொண்டு போங்கள். இரத்தம் எடுத்ததும் கொண்டு போன தண்ணீரில் குடியுங்கள். ஒருநாள் சில மணித்தியாலம் பிந்துவதால் ஒன்றும் ஆகாது. இந்த மருந்து ஒரு கிழமை கழிந்தும் பாதியளவு உடம்பில் நிற்கும். குடித்து அரை மணித்தியாலம் கழித்து ரொட்டியைப் பிரியுங்கள். டாக்டரைப் பார்க்கிற வரிசை எப்படியும் அதைவிட நீளம்தானே! உங்கள் டாக்டர் வேறு மாதிரிச் சொல்லியிருந்தால் அவர் சொன்னபடியே செய்யுங்கள்.

வெறும் வயிற்றோடு போக வேண்டுமா என்று கேட்கிறார்கள். தைரொயிட்டுக்கு மட்டும் என்றால் கட்டாயமில்லை. அதே சீட்டில் சீனி, கொழுப்பு எழுதியிருந்தால் கட்டாயம். டி.எஸ்.எச். விடியப்புறம் கூடியும் பகலில் குறைந்தும் இருக்கும். அதனால் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கொடுப்பது நல்லது.

இனி மற்ற நாட்களின் கதை. நம் லயத்துக் காலை எல்லோருக்கும் தெரியும். அடுப்பு மூட்டி, தேத்தண்ணி ஊற்றி, பிள்ளைகளை எழுப்பி, பிரட்டுக்கு ஓட வேண்டும். அந்த ஓட்டத்தில் குளிசையைத் தேத்தண்ணியோடேயே விழுங்கிவிடுகிறோம். நம் கையால் பறித்த கொழுந்துதான், ஆனாலும் இந்தக் குளிசைக்கு அது ஆகாது. மருந்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். பாலும் அப்படித்தான். பாயை விட்டு எழும்பியதும், அடுப்பைத் தொடுமுன், ஆறவைத்த தண்ணீரில் குடியுங்கள். அரை மணித்தியாலம், முடிந்தால் ஒரு மணித்தியாலம் கழித்துத் தேத்தண்ணி. காலையில் முடியவே முடியாது என்பவர்கள் டாக்டரிடம் கேட்டு இரவுக்கு மாற்றலாம்; ஆனால் சாப்பிட்டு 3 மணித்தியாலம் கழிந்திருக்க வேண்டும். ஒன்பது மணிக்குச் சோறு தின்கிற வீட்டுக்கு அது சரிவராது என்பது எங்கள் அபிப்பிராயம்.

குளிசையை வைக்கிற இடத்தையும் பாருங்கள். ஆஸ்பத்திரியில் தருகிற கடதாசி உறையோடு அடுப்புக்கு மேல் பரணில் செருகி வைத்தால் சூட்டிலும் ஈரத்திலும் மருந்து கெடும். மூடி இறுகுகிற காய்ந்த போத்தல் போதும்.

இரத்தக்குறைவுக்கு இரும்புக் குளிசை குடிக்கிறவர்கள் இங்கே பாதிப்பேர் இருப்பீர்கள். அதையும் கல்சியத்தையும் தைரொக்சினோடு சேர்த்துக் குடித்தால் தைரொக்சின் வீண். நடுவே 4 மணித்தியாலம் விடுங்கள். வயிற்றெரிவுக்குக் குடிக்கிற மருந்துக்கும் இதே கணக்கு. காலையில் தைரொக்சின், மலையால் வந்த பிறகு இரும்பு என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

பிள்ளை வயிற்றில் உள்ளவர்கள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள். கிளினிக்கில் இரும்பு, கல்சியம், திரிபோஷ எல்லாம் தருவார்கள். திரிபோஷவில் சோயா இருக்கிறது. அதையும் தைரொக்சின் குடித்தவுடன் சாப்பிட வேண்டாம். விட்டுவிடவும் வேண்டாம், நேரத்தைத் தள்ளுங்கள், அவ்வளவுதான். தைரொக்சின் குடிக்கிறவர் மாதவிலக்கு நின்றது தெரிந்த உடனேயே மிட்வைஃப் அம்மாவிடம் சொல்ல வேண்டும். பெரும்பாலும் குளிசையின் அளவைக் கூட்ட வேண்டி வரும். முதல் பாதி மாதங்களில் 4 கிழமைக்கு ஒருமுறை இரத்தம் பார்ப்பார்கள். முதல் மாதங்களில் பிள்ளையின் மூளை வளர்வது தாயிடமிருந்து போகிற சுரப்பு நீரால்தான். மூன்றாம் மாதம் சொல்லலாம், கண் படும் என்று மறைப்பதில் இருக்கிற ஆபத்து இதுதான்.

தங்கச்சிமாருக்கு ஒன்று. இந்த நோயில் முடி கொட்டும். கொட்டுகிறதே என்று டவுன் பார்மசியில் பயோட்டின் குளிசை வாங்குகிறீர்கள். அது இரத்தப் பரிசோதனையையே ஏமாற்றி, இல்லாத இலக்கத்தைக் காட்ட வைக்கும். குறைந்தது 2 நாளுக்கு முன் நிப்பாட்டுங்கள், குடித்ததை டாக்டரிடமும் சொல்லுங்கள்.

"நாங்கள் உப்பு ஒழுங்காகத்தானே போடுகிறோம், ஏன் வந்தது?" என்று ஒரு அக்கா கேட்டார். இலங்கையில் 1995 முதல் சாப்பாட்டு உப்பில் அயடீன் கட்டாயம். இப்போது வருகிற தைரொயிட் குறைவு பெரும்பாலும் உடம்பே தன் சுரப்பியைத் தாக்குவதால் வருவது. உங்கள் சமையலில் பிழை இல்லை.

கடைசியாக, வாயைத் திறப்பது பற்றி. குளிசை தவறிய நாட்களை மறைக்கிறோம், ஏச்சு விழும் என்று. பாஷை தெரியாமலும் பேசாமல் வந்துவிடுகிறோம். "அத பெஹெத் பிவ்வே நே" என்றால் இன்றைக்கு மருந்து குடிக்கவில்லை என்று அர்த்தம். அதைப் பாடமாக்குங்கள். ஏச்சு விழுந்தால் விழட்டும். இல்லாத நோய்க்குக் கூட்டிக் கொடுத்த மருந்து நெஞ்சையும் எலும்பையும் பிடிக்கும்.

கிளினிக்குப் போய் மத்தியானத்துக்குள் திரும்புகிறவர்களுக்கு அரைப்பேர் போட வேண்டும் என்று தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. அடுத்த தோட்டக் கமிட்டியில் திரும்பவும் எடுப்போம். இப்போது, இந்த மாதம் இரத்தம் கொடுக்கப் போகிறவர்கள் கொப்பியோடு முன்னால் வாருங்கள். என்ன மருந்து, எத்தனை மணிக்குக் குடிக்கிறீர்கள், எத்தனை நாள் தவறியது என்று சிங்களத்தில் ஒரு துண்டு எழுதிக் கொப்பிக்குள் வைத்துத் தருகிறோம். கண்ணாடி கொண்டு வராத அம்மாமார் முதலில் வரலாம்.