மூஸா நபி வரலாற்றில் பெண்கள்: நமக்கான படிப்பினைகள்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு நிகழ்வில் ஆற்றப்பட்ட உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

அல்குர்ஆனில் மிக அதிகமாகப் பெயர் கூறப்படும் நபி மூஸா (அலைஹிஸ்ஸலாம்) அவர்கள். 130க்கும் மேற்பட்ட இடங்களில் அவரது பெயர் வருகிறது. பிர்அவ்னின் அரசவை, பாம்பாக மாறிய கைத்தடி, பிளந்த கடல் ஆகியவற்றை நாம் சிறு வயது முதல் கேட்டு வந்திருக்கிறோம். ஆனால் அந்த அரசவையில் நின்று சத்தியத்தை எடுத்துரைக்கும் காலம் வரும்வரை அவரைக் காத்து வளர்க்க அல்லாஹ் யாரைக் கருவியாக்கினான்? 28ஆவது அத்தியாயமான சூரா அல்கஸஸை ஓதும்போது, பெண்களையே அதிகம் காண்கிறோம்.

முதலாமவர் தாயார். பனூ இஸ்ராயீலரின் ஆண் குழந்தைகள் கொல்லப்பட்ட காலம் அது. குழந்தைக்குப் பாலூட்டு, பயம் வந்தால் ஆற்றில் விட்டுவிடு, அவரை உன்னிடமே திருப்பித் தருவோம் என்று அல்லாஹ் அவருக்கு உள்ளுணர்வு அளித்தான். அவர் அப்படியே செய்தார். அதற்காக அவர் துயரப்படவில்லை என்று எண்ணிவிடக் கூடாது. அவரது உள்ளம் வெறுமையாகிப் போனது என்றும், உண்மையை வெளியிட்டுவிடும் நிலைக்கு வந்தார் என்றும் குர்ஆனே கூறுகிறது. அல்லாஹ்தான் அவரது உள்ளத்தை உறுதிப்படுத்தினான். கலங்கிய உள்ளத்தோடும் கடமையைச் செய்யலாம் என்பதை அந்தத் தாயிடம் கற்கிறோம்.

இரண்டாமவர் சகோதரி. தாயின் சொல் கேட்டுப் பேழையைத் தொடர்ந்து போய், எவரும் அறியாதவாறு தூரத்திலிருந்து கவனித்தார். குழந்தை எந்தச் செவிலித் தாயிடமும் பால் குடிக்க மறுத்தபோது, நல்ல குடும்பம் ஒன்றைக் காட்டித் தரட்டுமா என்று பக்குவமாகக் கேட்டார். குழந்தை தாயின் மடிக்கே திரும்பி வந்தது. பேச வேண்டிய நேரம்வரை பொறுத்திருந்து, நேரம் வந்ததும் அளந்து பேசிய பிள்ளை அவர்.

மூன்றாமவர் பிர்அவ்னின் மனைவி. ஹதீஸ்கள் அவரை ஆஸியா என்று அழைக்கின்றன. கொடுங்கோலனின் மாளிகைக்குள் இருந்தே, இக்குழந்தையைக் கொல்லாதீர்கள் என்று தடுத்தார். சூரா அத்தஹ்ரீம் அவரை ஈமான் கொண்டோருக்கு உதாரணமாகக் காட்டுகிறது. பெண்களுக்கு மட்டுமல்ல, ஆண்களுக்கும் அவர் உதாரணமே.

பின்னர் மூஸா நபி எகிப்தை விட்டு மத்யனுக்குத் தப்பி வருகிறார். கிணற்றடியில் மக்கள் தம் மந்தைகளுக்குத் தண்ணீர் புகட்டுகின்றனர். இரு பெண்கள் மட்டும் தம் ஆடுகளைத் தடுத்துக்கொண்டு ஒதுங்கி நிற்கின்றனர். உங்கள் விடயம் என்ன என்று அவர் கேட்கிறார். இடையர்கள் போகும்வரை எம்மால் புகட்ட முடியாது, எமது தந்தை மிக முதியவர் என்று அவர்கள் சொல்கின்றனர். அவர் புகட்டிக் கொடுத்துவிட்டு, கூலி எதுவும் கேளாமல் நிழலுக்குச் சென்று, தன் தேவையை அல்லாஹ்விடம் மட்டும் முறையிடுகிறார். ஊர் இல்லை, உறவு இல்லை, உணவு இல்லை. அந்த நிலையிலும் பிறர் கஷ்டம் அவர் கண்ணில் பட்டது.

அப்பெண்களில் ஒருவர் நாணத்தோடு நடந்து வந்து, தந்தை அழைப்பதாகச் சொல்கிறார். பின்பு ஒருவர் தந்தையிடம், இவரை வேலைக்கு அமர்த்துங்கள், பலமும் நம்பிக்கையும் உள்ளவரே வேலைக்குச் சிறந்தவர் என்று ஆலோசனை கூறுகிறார். நாணம் அவரது அறிவைப் பூட்டி வைக்கவில்லை. தந்தையும் மகளின் சொல்லைத் தட்டவில்லை. மகளுக்கு வாய் நீளம் என்று அவர் அடக்கியிருந்தால், அந்த வீடு எத்தகைய மனிதரை இழந்திருக்கும்!

சகோதரிகளே, கிணற்றடியில் ஒதுங்கி நிற்கும் பிள்ளைகள் இன்றும் நம்மிடையே உள்ளனர். தந்தை நோயாளி, தம்பி தங்கைகள் சிறியவர்கள், கையில் பணமில்லை என்பதால் சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தும் பிள்ளைகள் அவர்கள். மற்றவர்கள் எடுத்து முடியும்வரை காத்திருந்தே அவர்களது வயது போய்விடுகிறது. அவர்கள் நம் வாசலைத் தேடி வரமாட்டார்கள். நாமே போய், உங்கள் விடயம் என்ன என்று கேட்க வேண்டும். உதவிய பின் படம் பிடித்துக் காட்டாமல், மூஸா நபியைப் போல் நிழலுக்குத் திரும்பிவிட வேண்டும். நூற்றாண்டு கண்ட சங்கம் தன் அடுத்த காலத்துக்கு எடுக்கக்கூடிய முதல் பணி இதுவே என நாம் கருதுகிறோம்.

இப்பெண்களில் எவரது பெயரையும் குர்ஆன் கூறவில்லை. அவர்களது செயல்களை மட்டும் மறுமை நாள்வரை ஓத வைத்திருக்கிறான் அல்லாஹ். நம் சங்கத்தின் நூறு வருடங்களிலும் பெயர் பதியப்படாமல் உழைத்த தாய்மார் பலர் இருப்பர். அவர்களது கூலி அல்லாஹ்விடம் இருக்கிறது. அவர்கள் வழியில் நடக்க நம் அனைவருக்கும் அவன் தௌபீக் செய்வானாக. ஆமீன்.