சிரட்டையில் ஒரு ஸதகா



குறைஷி இளைஞர் சிலர் ஒரு பறவையைக் கட்டி வைத்து அதன் மீது அம்பெய்து கொண்டிருந்தனர். அவ்வழியே வந்த இப்னு உமர் (ரழி) அவர்கள், உயிருள்ளதை இலக்காக்குவோரை நபி (ஸல்) அவர்கள் சபித்துள்ளார்கள் என எச்சரித்தார்கள். இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. இன்று கவணும் கையுமாகக் குருவியைத் துரத்தும் நம் பிள்ளைகளை அதட்டுவதோடு நம் கடமை முடிந்துவிடுமா? அக்கைகளுக்கு நல்லதொரு வேலை கொடுக்க வேண்டாமா?

வீசப்படும் தேங்காய்ச் சிரட்டை ஒன்றை எடுங்கள். விளிம்பருகே மூன்று துளைகளை நீங்கள் இடுங்கள். தும்புக் கயிற்றைப் பிள்ளை கோர்க்கட்டும். மழைநீர் வடிய அடியில் சிறு துளையும் வேண்டும். பூனை எட்டாத மாமரக் கிளையில் தொங்கவிட்டு, ஒரு பிடி நெல்லோ குரக்கனோ இடுங்கள். துளையற்ற மற்றொரு சிரட்டையில் நீர் வையுங்கள். நனைந்து பழுதான தானியத்தை அகற்றிச் சிரட்டையைக் கழுவும் பொறுப்பும் பிள்ளைக்கே உரியதாகட்டும்.

ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்தோ விதைத்த பயிரிலிருந்தோ பறவை உண்டாலும் அது அவருக்கு ஸதகாவாகும் என நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். குறைவாயினும் தொடர்ந்து செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிக உவப்பானது என்றும் நவின்றார்கள். ஆகவே, முதல் நாளே பறவை வராவிடினும் பிள்ளை சோர்ந்துவிடாதிருக்க நீங்களும் உடன் நில்லுங்கள். சுபஹுத் தொழுகையின் பின் அந்த ஒரு பிடி தானியத்தை நாள்தோறும் பிள்ளையே இடட்டும். இரக்கம் அறிவுரையால் மட்டுமன்றிப் பழக்கத்தாலும் உள்ளத்தில் வேரூன்றும்.

வல்ல அல்லாஹ் நம் சந்ததியினரை இரக்கமுள்ளோராக ஆக்கியருள்வானாக! ஆமீன்.