சட்டசபைகளும் அவற்றின் தவணையும்



ஒரு பாடசாலையின் ஆசிரியர் அனைவரும் ஒரே நாளில் இடமாற்றம் பெற்றுச் சென்றுவிட்டால் அப்பாடசாலை என்னாகும்? மறுநாள் வரும் புதியவர்கள் எத்துணைத் திறமை உடையவராயினும், எந்தப் பாடம் எவ்விடத்தில் நின்றது, எந்த மாணவன் எதிலே பின்தங்கியவன் என்பன அறியாது திகைப்பர். இனி, எவரையும் எக்காலத்தும் மாற்றாது விட்டாலோ, அங்கே சோம்பல் குடிபுகும். சட்டம் இயற்றும் சபைகளை அமைத்த அறிஞர்களும் இவ்விரண்டு இடர்களையும் எண்ணிப் பார்த்தனர்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பிரதிநிதிகள் சபையில் இன்று 435 உறுப்பினர் உளர். அவர் அனைவரும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மக்கள் முன்னே வந்து வாக்குக் கேட்டல் வேண்டும். செனற் சபையின் 100 உறுப்பினருக்கோ பதவிக்காலம் ஆறு ஆண்டுகள். ஆயினும் அவர் எல்லாரும் ஒருங்கே விலகுவதில்லை. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரின் பதவிக்காலமே முடிவடைகிறது. அங்ஙனமாயின் முதலில் விலகியோர் யாவர்? 1789ஆம் ஆண்டு மே மாதத்தில் செனற்றர்களை மூன்று வகுப்பினராகப் பிரித்து, எவ்வகுப்பினர் இரண்டு ஆண்டில், எவர் நான்கு ஆண்டில், எவர் ஆறு ஆண்டில் விலகுவது என்பதைச் சீட்டு எடுத்துத் தீர்மானித்தனர். அன்று தொடங்கிய முறை இன்றும் வழுவாது நடைபெறுகின்றது.

இதன் பயன் யாது? பொதுமக்களின் இன்றைய மனநிலையை ஒரு சபை உடனே எதிரொலிக்கிறது. மற்றைச் சபையோ நேற்றைய அனுபவத்தையும் உடன் வைத்துக்கொள்கிறது. ஓர் ஆண்டின் சினமோ மகிழ்ச்சியோ நாட்டின் சட்டம் முழுவதையும் ஒரே மூச்சிற் புரட்டிவிட இயலாது. இதிலே ஒரு குறையும் உண்டு. மக்கள் உண்மையாகவே மாற்றத்தை விரும்பும் வேளையிலும் அது மெல்ல மெல்லவே வந்து சேரும்.

நம் நாட்டிலும் இம்முறை ஒருகால் இருந்தது. சோல்பரி அரசியலமைப்பின்படி 1947இல் அமைந்த செனற் சபையின் உறுப்பினர் 30 பேர். பதினைவரைப் பிரதிநிதிகள் சபை தெரிவு செய்தது. பதினைவரை மகாதேசாதிபதி நியமித்தார். ஆறு ஆண்டுப் பதவிக்காலத்தில், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மூன்றிலொரு பங்கினர் விலகினர். 1971ஆம் ஆண்டு ஒக்டோபரில் அச்சபை ஒழிக்கப்பட்டது. அதன் பின் நமக்கு எஞ்சியது ஒரே சபை. படிப்படியாக மாறும் சபை ஒன்று இல்லாத நாட்டில், உள்ள ஒரு தேர்தலும் உரிய தவணையில் நடைபெறுவது இன்னும் இன்றியமையாதது ஆகின்றது.

தவணை என்பது மேல் எல்லை. அதற்கு முன்னும் சபை கலையலாம். 1960இல் மார்ச் மாதத்திலும் யூலை மாதத்திலுமாக இரு பொதுத்தேர்தல்களை இந்நாடு கண்டது. முன்கூட்டி வரும் தேர்தலால் செலவும் அலைச்சலும் உண்டாகலாம். ஆனால் வாக்காளரின் உரிமை குன்றுவதில்லை. தள்ளிப்போகும் தேர்தலின் தன்மையோ வேறு. 1977 யூலையிற் தெரிவான பாராளுமன்றத்தின் ஆயுள், 1982 டிசம்பர் 22ஆந் திகதி நடந்த சர்வசன வாக்கெடுப்பினால் மேலும் ஆறு ஆண்டுகள் நீட்டப்பட்டது. அடுத்த பொதுத்தேர்தல் 1989 பெப்ரவரியிலேதான் வந்தது. முதற் கூறிய தேர்தலின்போது நான் இரண்டாம் வகுப்பிற் படித்துக்கொண்டிருந்தேன். அடுத்தது வந்தபோது உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு பிள்ளையின் பள்ளிப் பருவம் முழுவதும், பாராளுமன்றத்துக்கு உறுப்பினரைத் தெரியும் வாய்ப்பு அவன் பெற்றோருக்குக் கிட்டவில்லை.

2015ஆம் ஆண்டின் 19ஆவது திருத்தம் பாராளுமன்றத்தின் ஆறு ஆண்டுத் தவணையை ஐந்தாகக் குறைத்தது. ஐந்தோ ஆறோ என்பது பற்றி அறிஞர் வாதிடலாம். சபை முழுவதும் ஒருங்கே மாறுவதா, பகுதி பகுதியாக மாறுவதா என்பதும் ஆராயத் தக்கதே. ஆனால் ஒன்று ஐயத்துக்கு இடமற்றது. குறித்த தவணையில் பரீட்சை நடைபெறும் என்ற உறுதி இருந்தாலன்றி மாணவனும் படியான், ஆசிரியரும் படிப்பியார். ஆள்வோருக்குத் தேர்தலே பரீட்சை. அதன் நாளை எழுதுபவனே தள்ளிவைத்தல் முறையன்று.