நம் கறிச்சட்டிக்கு வெட்கம் எதற்கு?

(மும்பையில் நடந்த சங்கக் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



சங்கக் கூட்டம் என்றால் ரேஷன் கார்டு, குடிசை மாற்று வீடு, கூலி பாக்கி, பிள்ளைகளின் தமிழ்ப் படிப்பு ஆகியவற்றைப் பேசுவதே நம் வழக்கம். இன்று மாட்டுக்கறிக் குழம்பைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் பின்வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. சிரியுங்கள், தவறில்லை. ஆனால் நாம் சோற்றுக்காகத்தானே ஊரை விட்டு ரயில் ஏறினோம்? அந்தச் சோற்றுத் தட்டில் என்ன இருக்க வேண்டும் என்பதை மற்றவன் முடிவு செய்தால் அது அரசியல் இல்லாமல் வேறென்ன?

நம் வீடுகளில் இப்போது என்ன நடக்கிறது? கறி வாங்கப் போனால் கறுப்புப் பையில் சுற்றிக் கொண்டுவருகிறோம். அடுப்பில் ஏற்றினால் சன்னலை மூடுகிறோம். வாடகை வீடு பார்க்கப் போனால், "என்ன சாப்பிடுவீர்கள்?" என்பதுதான் முதல் கேள்வி. பள்ளிக்கூடத்தில் கேட்டால் "நேற்று உருளைக்கிழங்குக் குழம்பு" என்று சொல்லும்படி பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கிறோம். பத்து வயதுக் குழந்தை தன் தாய் சமைத்த சோற்றை மறைக்கப் பழகிவிட்டால், பிறகு தன் தெருவையும் தன் சாதியையும் தன் மொழியையும் மறைக்கப் பழகும். அதனால்தான் இந்தப் பேச்சு.

முதலில் சட்டத்தைத் தெரிந்துகொள்வோம். பயத்தில் பாதி, சட்டம் தெரியாததால் வருவது. மகாராஷ்டிரத்தில் 1976ஆம் ஆண்டுச் சட்டம் பசு வெட்டுவதைத் தடை செய்தது. 2015இல் வந்த திருத்தம் காளையையும் எருதையும் அதில் சேர்த்தது. மீறி வெட்டினால் 5 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். எருமை இந்தத் தடைக்குள் வரவில்லை. உரிய சான்று பெற்ற எருமையை அனுமதி பெற்ற கூடத்தில் வெட்டலாம், விற்கலாம், நாம் வாங்கிச் சமைக்கலாம். இந்த நகரத்தில் "படே கா" என்று கேட்டு நாம் வாங்குவது அந்த எருமைக்கறிதான்.

2016 மே மாதம் பம்பாய் உயர்நீதிமன்றம் தீர்ப்பு ஒன்று கொடுத்தது. வெட்டுத் தடையை அது ஏற்றுக்கொண்டது. ஆனால் வெளிமாநிலத்தில் வெட்டிய மாட்டுக்கறியை இங்கே வைத்திருப்பதே குற்றம் என்ற பிரிவை ரத்து செய்தது. தன் வீட்டுக்குள் தனக்குப் பிடித்ததை உண்பது ஒருவரின் அந்தரங்க உரிமையில் சேர்ந்தது என்பதே அதன் சாரம். தோழர்களே, இதை வீட்டிலே பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்.

சட்டம் ஒரு பக்கம் இருக்க, தெருவில் சட்டத்தைக் கையில் எடுப்பவர்களும் இருக்கிறார்கள். 2015 செப்டம்பரில் உத்தரப் பிரதேசத்தின் தாத்ரி அருகே, வீட்டில் பசுக்கறி இருக்கிறது என்ற வதந்தியால் முகமது அக்லாக் அடித்துக் கொல்லப்பட்டார். 2024 ஆகஸ்டில் இதே மகாராஷ்டிரத்தில், ஓடும் ரயிலில் ஒரு முதியவரைக் கறி கொண்டுபோகிறார் என்று சொல்லித் தாக்கினார்கள். ஆகவே வீரம் பேசி யாரையும் ஆபத்தில் மாட்டிவிட நாம் விரும்பவில்லை. உரிமம் உள்ள கடையில் வாங்குங்கள். ரசீது கேட்டு வாங்கி வையுங்கள். ஊரிலிருந்து உப்புக்கண்டம் கொண்டுவருபவர்கள், வழியில் உள்ள மாநிலங்களின் சட்டம் ஒன்றுபோல் இல்லை என்பதை மறக்க வேண்டாம். எச்சரிக்கையாக இருப்பது வேறு, வெட்கப்படுவது வேறு. முன்னது வேண்டும், பின்னது வேண்டாம்.

இந்த வெட்கம் எங்கிருந்து வந்தது? சங்க காலத்து அகநானூற்றிலேயே மாட்டிறைச்சி உண்ட மழவர்கள் வருகிறார்கள். ஆகவே இது நேற்று யாரோ நமக்குக் கற்றுக்கொடுத்த பழக்கம் அல்ல. தீண்டாமைக்கும் மாட்டுக்கறிக்கும் உள்ள தொடர்பை அண்ணல் அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்து எழுதினார். அதே அம்பேத்கர் 1927இல் மகாடில், செத்த மாட்டின் இறைச்சியை உண்பதை விடுங்கள் என்றும் நம் மக்களுக்குச் சொன்னார். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அடுத்தவன் ஒதுக்கித் தள்ளியதை வாங்கி உண்ணாதே என்பது சுயமரியாதை. காசு கொடுத்து வாங்கிய நல்ல கறியைத் தலைநிமிர்ந்து உண்பதும் சுயமரியாதைதான்.

இனி உடம்புக்கு வருவோம். 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. நம் வீட்டுப் பெண்கள் இந்தக் கணக்குக்கு வெளியே இல்லை. கொழுப்பில்லாத 100 கிராம் பச்சைக் கறியில் சுமார் 20 கிராம் புரதம் இருக்கிறது. கீரையில் உள்ள இரும்புச் சத்தைவிடக் கறியில் உள்ள இரும்புச் சத்தை உடம்பு எளிதாக ஏற்கும். பருப்பில் கிடைக்காத பி12 வைட்டமினும் கறியில் உண்டு. ஆட்டுக்கறி விலைக்கு நம் கூலி எட்டாது. எட்டுகிற விலையில் கிடைக்கும் சத்து இது. ஆனால் ஒரு வார்த்தை: கறித் துண்டை ஆண்களுக்கும் பையன்களுக்கும் போட்டுவிட்டு, தாயும் மகளும் குழம்பை மட்டும் ஊற்றிக்கொண்டால் இந்தச் சத்தெல்லாம் யாருக்குப் போகிறது? துண்டை எண்ணிச் சமமாகப் போடுங்கள். சாப்பிட்ட உடனே டீ குடிக்காதீர்கள், அது இரும்புச் சத்தைத் தடுக்கும். எலுமிச்சம்பழம் பிழிந்த வெங்காயத்தைத் தொட்டுக்கொள்ளுங்கள், அது உதவும்.

"எருமைக்கறி வேகாது, சவக் சவக்கென்று இருக்கும்" என்பது பலருடைய குறை. குறை கறியில் இல்லை, பக்குவத்தில் இருக்கிறது. உழைத்த மாட்டின் கறியில் சவ்வு அதிகம். அவசரச் சூட்டில் சவ்வு முறுகும். ஈரத்தோடு, சிறு தீயில், நேரம் கொடுத்தால் கூழாகக் கரைந்து கறியை மெதுவாக்கும். சூட்சுமம் இவ்வளவுதான்.

கடையில் பார்க்க வேண்டியவை: கறி ஆழ்ந்த சிவப்பாக இருக்க வேண்டும், விரலால் அழுத்தினால் பள்ளம் மேலே எழும்ப வேண்டும், நாற்றம் கூடாது. எருமைக் கொழுப்பு வெள்ளையாக இருக்கும். கழுத்து, முன்னங்கால், விலா ஆகியவை குழம்புக்கு. தொடைக்கறி வறுவலுக்கு.

ஐந்து பேருக்கு அரைக் கிலோ போதும். சிறு துண்டுகளாக நறுக்கிக் கழுவி, அரைத்த பச்சைப் பப்பாளிக்காய் ஒரு தேக்கரண்டி, மஞ்சள்தூள், உப்பு பிசறி அரை மணி நேரம் வையுங்கள். பப்பாளி அதிகமானால் கறி மாவாகிவிடும். குக்கரில் எண்ணெய் ஊற்றி, பட்டை, சோம்பு, கறிவேப்பிலை தாளித்து, இரண்டு பெரிய வெங்காயத்தைச் சிவக்க வதக்குங்கள். இஞ்சி பூண்டு விழுது ஒரு மேசைக்கரண்டி, தக்காளி இரண்டு, மிளகாய்த்தூள் இரண்டு தேக்கரண்டி, மல்லித்தூள் மூன்று தேக்கரண்டி சேர்த்து எண்ணெய் பிரியும்வரை வதக்கி, கறியைப் போட்டுப் புரட்டுங்கள். இரண்டு தம்ளர் தண்ணீர் ஊற்றி மூடுங்கள். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 25 முதல் 30 நிமிடம் விடுங்கள். ஆவியைக் கரண்டியால் தூக்கி விடாமல் தானாக அடங்க விடுங்கள். அந்த நேரத்திலும் கறி வெந்துகொண்டுதான் இருக்கும், கேஸும் மிச்சம்.

திறந்த பிறகு முருங்கைக்காயோ உருளைக்கிழங்கோ வாழைக்காயோ போட்டு வேகவிட்டு, அரைமூடித் தேங்காயைச் சோம்போடு அரைத்து ஊற்றி ஒரு கொதியில் இறக்குங்கள். காய் சேர்த்தால் குழம்பும் பெருகும், விருந்தாளி வந்தாலும் கை தாழாது.

வறுவலுக்கு, கறியை உப்பு, மஞ்சள், கொஞ்சம் தண்ணீரோடு இதேபோல் வேகவைத்துக்கொள்ளுங்கள். சட்டியில் நல்லெண்ணெய் ஊற்றி வெங்காயம், தேங்காய்ச் சில்லு, கறிவேப்பிலை வதக்கி, வெந்த கறியைப் போட்டு, புதிதாக இடித்த மிளகு இரண்டு தேக்கரண்டி தூவி, நீர் வற்றிச் சுருளும்வரை கிளறுங்கள். ரசச் சோற்றுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

நல்லி எலும்பு கிடைத்தால் மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு ஒரு மணி நேரம் குக்கரில் விடுங்கள். நோயிலிருந்து எழுந்தவர்களுக்கு நல்லது. ஈரலில் இரும்புச் சத்து மிகுதி, பத்து நிமிடத்துக்கு மேல் வதக்கினால் கட்டையாகிவிடும். கர்ப்பிணிகள் மட்டும் ஈரலை மருத்துவரைக் கேட்டு உண்ண வேண்டும். குளிர்பெட்டி இல்லாத வீட்டில் அன்றைக்கு வேண்டியதை மட்டும் வாங்கி அன்றே தீர்த்துவிடுங்கள், இந்த ஊர்ப் புழுக்கத்தில் மறுநாளுக்கு வைப்பது ஆபத்து.

ஆண் தோழர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கறி வாங்கி வந்து திண்ணையில் உட்கார்ந்து "வெந்துவிட்டதா?" என்று கேட்பதோடு உங்கள் வேலை முடியவில்லை. ஆறு நாள் வெளியிலும் ஏழு நாள் வீட்டிலும் வேலை செய்கிறவர்கள் நம் பெண்கள். ஞாயிற்றுக்கிழமை வெங்காயம் நறுக்குங்கள், மிளகு இடியுங்கள், அடுப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உரிமை பேசுகிற சங்கத்து ஆள், வீட்டு அடுப்படியிலும் அதைக் காட்ட வேண்டும்.

கடைசியாக ஒன்று. நாம் யாருடைய நம்பிக்கையையும் புண்படுத்துவதற்காகச் சமைக்கவில்லை. கறி உண்ணாத குடும்பங்கள் நம் சங்கத்திலும் இருக்கின்றன. அவர்கள் தட்டை நாம் மதிக்கிறோம், நம் தட்டை அவர்கள் மதிக்கிறார்கள். நாம் கேட்பதும் அந்த மரியாதையைத்தான், அதற்கு மேல் ஒன்றுமில்லை. அண்டை வீட்டார் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். அவர்களும் உண்பவர்களாக இருந்தால் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்புங்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளையிடம், "நேற்று எங்கள் வீட்டில் கறிக்குழம்பு" என்று சொல்லச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளைக்கு அதனால் ஏதேனும் தொல்லை வந்தால் தனியாக அழ விடாதீர்கள். சங்கத்துக்குச் சொல்லுங்கள், பள்ளிக்கூட வாசலுக்கு நாம் எல்லோரும் சேர்ந்தே போவோம்.