எட்டுப் பேரின் கணக்கு



ஒரு சட்டசபை. மொத்தம் 108 உறுப்பினர்கள். அதில் ஒரு கட்சிக்கு வெறும் 8 பேர். மாநிலத்தின் தென்கோடியைத் தாண்டினால் அந்தக் கட்சிக்குப் பெரிதாகச் செல்வாக்கும் கிடையாது. இந்த எட்டுப் பேரால் என்ன செய்துவிட முடியும்? ஆவேசமாகப் பேசலாம். வெளிநடப்பு செய்யலாம். மறுநாள் பத்திரிகையில் பெயர் வரலாம். அவ்வளவுதானே என்று தோன்றும்.

1952-இல் திருவிதாங்கூர்-கொச்சி சட்டசபைக்குள் நுழைந்த எட்டுப் பேர் வேறு கணக்குப் போட்டார்கள். பெரும்பான்மை இல்லாமல் தவித்த ஏ.ஜே. ஜான் மந்திரிசபைக்கு ஆதரவு கொடுத்தார்கள். தமிழ்த் தாலுகாக்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்க வேண்டும் என்ற தங்கள் கோரிக்கை நகரவில்லை என்று தெரிந்ததும், 1953 செப்டம்பரில் அந்த ஆதரவை விலக்கிக்கொண்டார்கள். மந்திரிசபை விழுந்தது. அடுத்த மூன்று ஆண்டுகளில் இந்தியாவின் தென்முனை வரைபடமே மாறிப்போனது. அந்தக் கட்சியின் பெயர் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ். அதன் தலைவராக மக்கள் நினைவில் நிற்பவர் குமரித் தந்தை மார்ஷல் நேசமணி.

கன்னியாகுமரி மாவட்டம் பிறந்த நாளான நவம்பர் முதல் தேதி வந்தால் நாகர்கோவிலில் அவர் சிலைக்கு எல்லாக் கட்சிக்காரர்களும் மாலை போடுவார்கள். மாலை போடுவது எளிது. ஓர் உள்ளூர் அரசியல்வாதி தன் மக்களுக்காக எப்படி வேலை செய்தார் என்று பிரித்துப் பார்ப்பதுதான் சிரமம். இன்று அதைத்தான் கொஞ்சம் பார்க்கப்போகிறோம்.

நேசமணி பிறந்தது 1895-இல், விளவங்கோடு தாலுகாவில் பள்ளியாடி என்ற ஊரில். சட்டம் படித்து 1921-இல் நாகர்கோவிலில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். அந்தக் காலத்து நீதிமன்றத்தைப் பற்றி ஊரில் இன்றும் ஒரு சம்பவம் சொல்வார்கள். மேல்சாதி வக்கீல்களுக்கு நாற்காலி, மற்ற வக்கீல்களுக்கு முக்காலி என்று ஒரு வழக்கம் அங்கே இருந்ததாம். இளம் வக்கீல் நேசமணி தனக்குப் போட்ட முக்காலியைக் காலால் எட்டி உதைத்துவிட்டு, நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அதோடு அந்த வழக்கமும் ஒழிந்தது என்பார்கள்.

ஒரு நாற்காலிக்காகச் சண்டை போடுவது ஒருவருடைய மானம் சம்பந்தப்பட்டது. நாலு தாலுகா ஜனங்களுக்காகச் சண்டை போடுவது வேறு. அதற்குக் கோபம் மட்டும் போதாது. நாகர்கோவில் நகராட்சித் தலைவராக அவர் இருந்த காலத்தை அதற்கான பயிற்சி என்றே சொல்லலாம். நகராட்சிக் கூட்டத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். ஆனால் தீர்மானம் நிறைவேறக் கை தூக்க ஆள் வேண்டும். அந்த எண்ணிக்கையின் அருமையை உள்ளாட்சியில் இருந்தவர்கள் நன்றாக அறிவார்கள்.

அப்படி என்னதான் பிரச்சினை? தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தன. செங்கோட்டையும் அப்படித்தான். வயலில் பேசுவது தமிழ், சந்தையில் பேசுவது தமிழ், கோவிலிலும் சர்ச்சிலும் பள்ளிவாசலிலும் தமிழ். ஆனால் ஆட்சி மலையாளத்தில் நடந்தது. சர்க்கார் ஆபீஸுக்கு ஒரு மனுவோடு போகும் விவசாயி, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்னொருவரிடம் கேட்க வேண்டிய நிலை. மொழி உரிமை என்று மேடையில் நாம் பெரிதாகப் பேசுகிறோமே, அது அவருக்கு ஒரு கையெழுத்துப் பிரச்சினை. தான் எதற்குக் கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரியாமல் போடுகிற பிரச்சினை.

இந்தக் குறையை அமைப்பாக முதலில் எடுத்தவர் நேசமணி இல்லை. 1945-இல் சாம் நத்தானியேல் முதலானோர் அகிலத் திருவிதாங்கூர் தமிழர் காங்கிரசைத் தொடங்கினார்கள். அதுதான் பிறகு திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் ஆனது. நேசமணி வந்து சேர்ந்தது 1947-இல். ஆனால் வந்த பிறகு இயக்கத்தின் எடை கூடியது. 1948 தேர்தலில் கட்சி 14 இடங்களைப் பிடித்தது. கோரிக்கையை மனுவாகக் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள், இனி அதை வாக்குச்சீட்டாகக் காட்ட முடிந்தது. இங்கே தமிழர்கள் இருக்கிறார்களா என்று இனி யாரும் கேட்க முடியாது.

இது ஒரு சாதிக்காரர்களின் கட்சி என்று எதிர்த்தரப்பு பேசியது. நாடார் சமூகத்தின் பங்கு மிகப் பெரியது என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கட்சியில் அப்துல் ரசாக் இருந்தார், ராமசாமிப் பிள்ளை இருந்தார். தலைவர்களுக்குள் பூசலும் வந்தது. கட்சி பிளந்தது, பிறகு சேர்ந்தது. இதையெல்லாம் மறைத்து, ஒரே ஆள் தனியாக நின்று எல்லையை வாங்கிக் கொடுத்தார் என்று சொன்னால், அது அவருக்கே செய்கிற அநியாயம். சண்டை போடுகிறவர்களை மறுபடி ஒரே மேடையில் உட்கார வைப்பதும் ஒரு தலைவனின் வேலைதான்.

1954-இல் மறுபடி தேர்தல் வந்தது. இம்முறை சட்டசபையில் 117 இடங்கள், தமிழ்நாடு காங்கிரசுக்கு 12. ஆட்சிக்கு வந்தவர் பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பட்டம் தாணுப்பிள்ளை. அவருடைய கட்சிக்கு இருந்ததே 19 பேர்தான். இந்திய தேசிய காங்கிரசின் தயவில் முதல்வரானார். அந்த ஆண்டு ஜூலையில், மலைப்பகுதியான தேவிகுளம், பீர்மேட்டில் இருந்த தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் தடையை மீறி மலையேறிய நேசமணியும் கூட வந்த தலைவர்களும் கைது செய்யப்பட்டார்கள். செய்தி தெற்கே வந்ததும் கடையடைப்பு, ஊர்வலம், மறியல்.

ஆகஸ்ட் 11-ஆம் தேதியை விடுதலை நாளாகக் கடைப்பிடிப்பது என்று முடிவு செய்தார்கள். மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் ஜனங்கள் திரண்டார்கள். பெரும்பாலும் வயலிலும் தோப்பிலும் கூலி வேலை செய்கிறவர்கள். போலீஸ் சுட்டது. பலர் மாண்டார்கள். அவர்களில் யாரும் சட்டசபைக்குப் போகிறவர்கள் இல்லை, நாளைக்கு மந்திரியாகிறவர்களும் இல்லை. மாவட்டம் பிறந்த கதையைச் சொல்லும்போது தலைவர்கள் பெயரை முதலில் சொல்லிப் பழகிவிட்டோம். புதுக்கடையில் இருக்கும் தியாகிகள் நினைவுச்சின்னம் அந்த வரிசையைத் திருத்தச் சொல்கிறது.

துப்பாக்கிச் சூட்டின் அதிர்ச்சி டெல்லி வரை போனது. பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா, தன் சொந்தக் கட்சி அரசே பதவி விலக வேண்டும் என்று கேட்டார். பட்டம் விலகவில்லை. ஆனால் 1955 பிப்ரவரியில் அவரது அரசு சட்டசபையிலேயே தோற்றது. பிறகு வந்த பனம்பிள்ளி கோவிந்த மேனன் மந்திரிசபையும் 1956 மார்ச்சில் விழுந்தது. காரணம் என்ன தெரியுமா? தமிழ்த் தாலுகாக்களை விட்டுக்கொடுப்பதை எதிர்த்து ஆறு காங்கிரஸ் உறுப்பினர்கள் விலகிக்கொண்டதுதான். இதைக் கவனியுங்கள். 1953-இல் ஒரு மூலையில் கேட்ட குரல். 1956-இல் ஆதரித்தாலும் ஆட்சி போகும், எதிர்த்தாலும் ஆட்சி போகும் என்ற நிலைக்கு வந்துவிட்டது. ஒரு வட்டாரத்தின் குறையை மாநிலமே தவிர்க்க முடியாத கேள்வியாக்குவது என்றால் இதுதான்.

இன்னொரு பக்கம், சத்தமில்லாத வேலையும் நடந்தது. 1953 டிசம்பரில் மத்திய அரசு மாநிலச் சீரமைப்பு ஆணையத்தை அமைத்தது. ஃபசல் அலி, குன்ஸ்ரு, கே.எம். பணிக்கர் என்று மூன்று பேர். அவர்கள் முன்னால் கோஷம் எடுபடாது. எந்தத் தாலுகாவில் தமிழ் பேசுவோர் எத்தனை பேர், நிலம் எப்படித் தொடர்ந்து கிடக்கிறது, எந்தச் சந்தை எந்த ஊரோடு சேர்ந்தது என்று காகிதத்தில் காட்ட வேண்டும். எதிர்வாதமும் லேசானது இல்லை. இந்தத் தாலுகாக்களில் இருந்த நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம். அதைக் கொடுத்துவிட்டுச் சோற்றுக்கு எங்கே போவது என்று கேட்டார்கள். பத்மநாபபுரம் எங்கள் பழைய தலைநகரம் என்றார்கள். இரண்டுமே உண்மைதான். ஆனாலும் 1955 செப்டம்பரில் வந்த ஆணையத்தின் அறிக்கை, நான்கு தென் தாலுகாக்களும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்தோடு சேர வேண்டும் என்றது. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது.

கேட்டது முழுவதும் கிடைத்ததா? இல்லை. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போயின. அங்கே தேயிலை பறிக்கிற தமிழர்களை, பிழைக்க வந்து போகிறவர்கள் என்ற கண்ணோட்டத்தில்தான் ஆணையம் பார்த்தது. நெய்யாற்றின்கரையும் சித்தூரும் கிடைக்கவில்லை. எந்தத் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் தலைவர்கள் கைதானார்களோ, அவர்களுடைய மலை கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது. இந்த இழப்பைச் சொல்லாமல் வெற்றியை மட்டும் கொண்டாடினால் கணக்கு நேராகாது.

அதன் பிறகு கட்சி என்ன ஆனது? நோக்கம் நிறைவேறியது, கட்சியைக் கலைத்துவிட்டார்கள். வேலை முடிந்ததும் கடையைக் கட்டிய கட்சிகள் நம் நாட்டில் மிகக் குறைவு. நேசமணி இந்திய தேசிய காங்கிரசில் சேர்ந்தார். 1957-இல் கிள்ளியூர் சட்டமன்ற உறுப்பினர். 1962-இல் நாகர்கோவில் நாடாளுமன்ற உறுப்பினர். 1967 நினைவிருக்கிறதா? தி.மு.க. அலை அடித்த தேர்தல். காமராஜரே விருதுநகரில் தோற்றார். மாநிலம் முழுக்கக் காங்கிரசுக்குக் கிடைத்தவை மூன்றே மூன்று நாடாளுமன்றத் தொகுதிகள். அதில் ஒன்று நாகர்கோவில், வென்றவர் நேசமணி. 1968 ஜூன் முதல் தேதி அவர் காலமானார். அந்த இடத்துக்கு 1969-இல் நடந்த இடைத்தேர்தலில்தான் காமராஜர் நின்று ஜெயித்தார்.

கோடு போட்டதோடு எல்லாம் முடிந்துவிடவும் இல்லை. பத்மநாபபுரம் அரண்மனை குமரி மாவட்ட மண்ணில் நிற்கிறது, அதைப் பராமரிப்பது கேரள அரசு. அதில் யாருக்கும் நஷ்டமில்லை, இரண்டு பக்கத்து ஜனங்களும் போய்ப் பார்க்கிறார்கள். தண்ணீர் அப்படி இல்லை. நெய்யாறு அணை கேரளத்தில் இருக்கிறது. அதன் இடதுகரைக் கால்வாய் விளவங்கோடு தாலுகா வயல்களுக்காகவும் வெட்டப்பட்டது. 2004-இல் அந்தத் தண்ணீர் நின்றது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. நேசமணி பிறந்த தாலுகாவிலேயே, கால்வாய் இருந்தும் தண்ணீர் வராத கடைமடைக்காரர் இருக்கிறார்.

நேயர்களே, உங்கள் வார்டு உறுப்பினரோ சட்டமன்ற உறுப்பினரோ அடுத்த முறை வீட்டு வாசலில் வந்து கைகூப்பும்போது, என்ன பேசினீர்கள் என்று கேட்காதீர்கள். எங்கள் பிரச்சினையை எந்தக் காகிதத்தில் ஏற்றினீர்கள், அதற்காக யாரைச் சேர்த்துக்கொண்டீர்கள், எந்த ஆதரவை விலக்கத் தயாராக இருந்தீர்கள் என்று கேளுங்கள். எங்களிடம் ஆள் பலம் இல்லையே என்று அவர் சொன்னால், 108 பேரில் 8 பேர் செய்த வேலையைச் சொல்லுங்கள்.