தைக்கு முன்னே தக்காளி நாற்று

மார்கழி மாதத்து மழை விடாமல் பெய்துகொண்டிருக்கும்போது, "விதை போடுங்கள்" என்று ஒருவர் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். "வாசலில் தண்ணீர் நிற்கிறது, இவர் விதை போடச் சொல்கிறாரே!" என்று தோன்றும். ஆனால் இன்று நான் சொல்ல வந்தது அதைத்தான். தக்காளிக்கு விதை போடும் வேளை, மழை ஓய்ந்த பிறகு அல்ல. மழை ஓய்வதற்கு முன்பே. எப்படி என்று பார்ப்போம்.

பாசிர் கூடாங், மாசாய் வட்டாரத்தில் வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கி ஜனவரி வரை வலுத்து நிற்கும். பிப்ரவரியில் வானம் சற்றுத் தெளியும். தக்காளிச் செடிக்கு நல்ல வெயிலும் வடிந்த நிலமும் வேண்டும். பிப்ரவரி பிறந்த பிறகுதான் விதையைத் தேடினால், நாற்று வளர ஒரு மாதம், பூக்க ஒரு மாதம், காய் பழுக்க ஒன்றரை மாதம் என்று காலம் ஓடிவிடும். நல்ல வெயில் நாட்கள் நாற்று வளர்ப்பதிலேயே கழிந்துபோகும். ஜனவரி முதல் வாரத்தில் கூரையின் கீழ் விதைத்தவர் வீட்டிலோ, பிப்ரவரித் தொடக்கத்தில் ஒரு சாண் நாற்று தயாராக நிற்கும். அவர்கள் சித்திரைப் பிறப்பன்று வீட்டுத் தக்காளியில் ரசம் வைக்கலாம். பனி பெய்யும் நாடுகளில் குளிருக்குப் பயந்து வீட்டுக்குள் விதைக்கிறார்கள். நாம் மழைக்காகக் கூரையின் கீழ் விதைக்கிறோம். காரணம் வேறு, வழி ஒன்றே.

இந்தச் சிரமம் எதற்கு, கடையில் வாங்கினால் போகிறது என்று கேட்பீர்கள். நம் நாட்டில் தக்காளி பெரும்பாலும் கேமரன் மலையிலிருந்துதான் வருகிறது. அடைமழையில் மலையில் விளைச்சல் குறைந்தாலும், பாதை தடைப்பட்டாலும், கீழே பசாரில் விலை ஏறிவிடுகிறது. நாள் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் தாய்க்கு அது சிறு செய்தி அல்ல. பத்துச் செடி நன்றாகக் காய்த்தால் குழம்புக்கும் ரசத்துக்கும் பல வாரம் கவலையில்லை.

ஆனால் நேயர்களே, இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். தாழ்நிலத்தில் தக்காளி எளிதில் காய்ப்பதில்லை. அதற்கு இரண்டு எதிரிகள் உண்டு.

முதல் எதிரி, இரவின் வெப்பம். இரவிலும் வெப்பம் 21 அல்லது 22 பாகைக்கு மேல் இருந்தால் பல வகைத் தக்காளிகளில் பூ உதிர்ந்துவிடும். நம் வட்டாரத்தில் இரவு அதைவிடச் சூடானது. அதனால்தான் கடையில் வாங்கிய மலைத் தக்காளியின் விதையைப் போட்டால் செடி தழைதழை என்று வளர்கிறது, காய் மட்டும் பிடிப்பதில்லை. தாழ்நிலத்துக்கு ஏற்ற வகையைக் கேட்டு வாங்குங்கள். 1969-இல் அமைக்கப்பட்ட மார்டி என்னும் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம், எம்.டி.1 போன்ற தாழ்நில வகைகளை நமக்குத் தந்திருக்கிறது. விதைக் கடையிலும் "சூடு தாங்குமா, வாடல் தாங்குமா?" என்று இரண்டு கேள்விகளைத் தவறாமல் கேளுங்கள்.

இரண்டாம் எதிரி இன்னும் கொடியது. அதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன், வீட்டுக்குப் பின்னால் இருபது தக்காளி நட்டேன். அதற்கு முன் அதே பாத்தியில் கத்தரி இருந்தது. செடிகள் இடுப்பளவு வளர்ந்தன. முதல் பூ பூத்தது. ஒரு நாள் நண்பகலில் ஒரு செடி பச்சையாகவே தலை தொங்கியது. வெயில் என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றினேன். மறுநாள் மூன்று, அடுத்த நாள் ஐந்து. பத்தே நாளில் இருபதும் போயின. "கண் பட்டுவிட்டது" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. நானும் பாதி நம்பினேன்.

பிறகு விவரம் தெரிந்த பெரியவர் ஒருவர், வாடிய தண்டை அடியில் அறுத்து, ஒரு கண்ணாடிக் கிளாஸ் தண்ணீரில் தொங்கவிடச் சொன்னார். சில நிமிடத்தில் தண்டின் முனையிலிருந்து பால் போன்ற வெள்ளை இழை கீழே இறங்கியது. கண்ணேறு அல்ல, பாக்டீரியா வாடல் நோய்! மண்ணில் வாழும் அந்தக் கிருமி வேர் வழியே நுழைந்து, நீர் ஏறும் குழாய்களை அடைத்துவிடுகிறது. தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு எல்லாம் அதற்கு உறவு. நோய் கண்ட செடியைக் காப்பாற்ற மருந்து இல்லை. கிருமி ஆண்டுக் கணக்கில் மண்ணிலேயே கிடக்கும். ஆகவே போர் நடக்க வேண்டியது நாற்றங்காலில். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது வெறும் பழமொழியல்ல.

இனி வேலைக்கு வருவோம்.

முதலில் மண். கத்தரி, மிளகாய், தக்காளி இருந்த இடத்து மண்ணைத் தொடவே வேண்டாம். புதிய மேல்மண் இரண்டு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு, உமிக்கரி ஒரு பங்கு கலந்து சலித்துக்கொள்ளுங்கள். கொதிக்கும் தண்ணீரை அதன்மேல் நன்றாக ஊற்றி, சாக்கால் மூடி ஆறவிடுங்கள். நாற்றைக் கழுத்தில் பிடித்து அழுகவைக்கும் பூஞ்சைகள் பெரும்பாலும் இதில் ஒழியும். இரண்டு நாள் நீர் வடிந்த பிறகு பயன்படுத்தலாம்.

மண் எடுக்கும் இடத்திலும் எச்சரிக்கை தேவை. 2019 மார்ச்சில் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டு, நச்சுக் காற்றால் ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற்றதையும், பாசிர் கூடாங்கில் 111 பள்ளிகள் மூடப்பட்டதையும் நாம் மறந்திருக்க மாட்டோம். தொழிற்சாலை ஓரத்து மண்ணும், கால்வாயிலிருந்து அள்ளிய சேறும் குழந்தைகள் உண்ணும் செடிக்கு ஆகாது.

அடுத்து விதைப்பு. முட்டைத் தட்டு, தயிர்க் கிண்ணம், பழைய மைலோ டின் எதுவும் போதும். அடியில் துளை மட்டும் இருக்க வேண்டும். அரைச் சென்டிமீட்டர் ஆழத்தில் குழிக்கு இரண்டு விதை போட்டு, நனைத்த செய்தித்தாளால் மூடுங்கள். ஐந்து முதல் எட்டு நாளில் முளைக்கும். முளை தெரிந்த அன்றே தாளை எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் வெளிச்சம் தேடி நூல் போல நீண்டு சாய்ந்துவிடும்.

மூன்றாவது கூரை. நான்கு கம்பு நட்டு, இடுப்பு உயரத்தில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளைக் கட்டுங்கள். பக்கங்கள் திறந்தே இருக்கட்டும். வெளிச்சமும் காற்றும் வர வேண்டும், மழைத்துளி மட்டும் விழக்கூடாது. தண்ணீரைக் காலையில் மட்டும் தெளியுங்கள். மாலையில் ஈரத்தோடு உறங்கும் நாற்று மறுநாள் எழுந்திருக்காது.

உண்மையான இலை இரண்டு வந்ததும், குழிக்கு ஒன்றாக வலுத்ததை வைத்து, மற்றதைக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். பிடுங்கினால் பக்கத்து வேரும் அசையும். பிறகு சிறு பிளாஸ்டிக் பைக்கு மாற்றுங்கள். நடுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து, முதல் நாள் ஒரு மணி நேரம், அடுத்த நாள் இரண்டு மணி நேரம் என்று வெயிலைப் பழக்குங்கள்.

இதற்கிடையில், நடும் இடத்தையும் ஆயத்தம் செய்யலாம். நம் மண் பெரும்பாலும் புளிப்பானது. நடுவதற்கு இரண்டு வாரம் முன்பே சதுர மீட்டருக்கு இரண்டு கைப்பிடி டோலமைட் தூளைக் கலந்துவிடுங்கள். சுண்ணாம்புச் சத்து குறைந்தால் காயின் அடி கறுத்து அழுகும். பாத்தியை ஒரு முழம் உயர்த்துங்கள். பழைய கத்தரிப் பாத்தி மட்டுமே இருந்தால், அதில் சோளம் விதைத்துவிட்டு, தக்காளியைச் சுத்தமான மண் நிரப்பிய பெரிய பையில் வையுங்கள். நடும்போது தண்டைச் சற்று ஆழமாகப் புதைக்கலாம். புதைந்த தண்டிலிருந்து புதுவேர் விடுவது தக்காளியின் குணம். ஒரு குச்சியும் நட்டுக் கட்டுங்கள்.

இளைஞர்களுக்கு ஒரு சோதனையும் சொல்கிறேன். தைவானில் 1971-இல் அமைக்கப்பட்ட உலகக் காய்கறி நிலையம், வாடலைத் தாங்கும் கத்தரி வேரின்மேல் தக்காளியை ஒட்டுக்கட்டும் முறையைப் பரப்பியது. கத்தரியைச் சில நாள் முன்பே விதைத்து, இரண்டின் தண்டும் ஒரே பருமனானதும் சாய்வாக வெட்டிச் சிறு ரப்பர் குழாயால் இணைத்து, நிழலில் ஈரக்காற்றில் சில நாள் வைக்க வேண்டும். ஒட்டுச் செடியை மட்டும் ஆழமாக நடாதீர்கள். ஒட்டு மண்ணுக்கு மேலேயே இருக்கட்டும். பால்மரத்தில் ஒட்டுக்கட்டிய கைகளின் பிள்ளைகளுக்கு இது வராத வித்தையா?

கடைசியாக ஒன்று. இருபது செடியும் வாடிய அந்த ஆண்டு, இனித் தக்காளி வேண்டாம் என்று முடிவு செய்தேன். மறு ஆண்டு ஆறு பையில் மட்டும் வைத்துப் பார்த்தேன். ஐந்து காய்த்தன. நீங்களும் ஆறிலிருந்தே தொடங்குங்கள். நல்ல மண், முன்கூட்டியே விதை, தலைக்கு மேல் ஒரு கூரை, இந்த மூன்றையும் மறவாதீர்கள். மழை பெய்துகொண்டிருக்கட்டும், நம் நாற்று வளர்ந்துகொண்டிருக்கட்டும்.